முப்பத்தொரு பெயருள்ள ஓடை

ஆடிக் காற்று ஒன்பது நாள் அடித்துப் பத்தாம் நாள் விடியலில் ஓய்ந்தபோது, லூக்காகுடியிருப்புக்கு மேற்கே மேட்டுத் தேரியில் ஓர் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் வரை அங்கே மணல்தான் இருந்தது. கடலிலிருந்து மூன்று பனை உயரத்துக்கு மேடேறி, செங்கல்லைப் பொடித்துக் கொட்டினாற்போல் கண்ணுக்கெட்டிய மட்டும் சிவந்து கிடந்து, உடைமரத்தையும் முந்திரியையும் தவிர எதையும் காலூன்ற விடாத மணல். அந்த மணலின் உச்சியில், யாரும் ஏறிப் போகாத இடத்தில் தண்ணீர் தொடங்கி, வளைந்து வளைந்து கீழே வந்து, இரண்டு இடங்களில் இறங்குவதை மறந்து மேட்டில் ஏறி, மறுபடி இறங்கி, கடல் தெரிகிற தூரம் வந்ததும் மணலுக்குள் போய் முடிந்தது.

ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. தேரியில் பிழைப்பவர்களுக்கு எது நகர்ந்தாலும் அதிசயமில்லை. போன ஆடியில் கோயிலுக்குத் தெற்கே இருந்த மேடு இந்த ஆடியில் வடக்கே இருக்கும். பஸ் வரும் ரோட்டை வருஷத்துக்கு ஒருமுறை மண்வெட்டியோடு போய்த் தேட வேண்டியிருக்கும். ஒரு வருஷம் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் எல்லாம் மணலுக்குள் மூழ்கிப்போய், மறுவருஷம் அதே வரிசையில், வேறு திசையைப் பார்த்தபடி வெளியே வந்தன. ஆகவே ஓடையைக் கண்டதும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, அது எந்த ஊர் எல்லையில் கிடக்கிறது என்பது. இரண்டாவது கேள்வி, குடிக்கலாமா என்பது.

குடிக்கலாம். குடத்தில் மொண்டு வைத்தால் அரை மணி நேரத்தில் சிவப்பு அடியில் தங்கி, மேலே தெளிந்து, நாக்கில் பதநீரின் வாசனை மட்டும் மிஞ்சியது. நாலு நாளைக்கு ஒருமுறை வரும் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று சண்டை போட்டு, அந்தச் சண்டையில் இரண்டு கல்யாணப் பேச்சுகளை முறித்துக்கொண்டிருந்த எண்பத்து மூன்று வீட்டுக்காரர்களும் ஒரு வாரத்தில் லாரியை மறந்தார்கள்.

ஓடையிடம் ஒரே ஒரு குறை இருந்தது. சாயங்காலம் விட்ட இடத்தில் காலையில் இருக்காது.

பேர் வைக்காததால்தான் அப்படி அலைகிறது என்று ஊர்த்தலைவர் தொம்மை அண்ணாச்சி சொன்னார். முதலில் 'புனித லூக்கா ஓடை' என்று பலகை எழுதிக் கரையில் நட்டார்கள். பங்குச்சாமி வந்து தீர்த்தம் தெளித்தார். "தண்ணிக்கே தண்ணி தெளிக்காவ பாரு" என்று ஆட்டுக்காரி சலேத் சொன்னது சாமியின் காதிலும் விழுந்தது, அவரும் சிரித்துக்கொண்டார். மறுநாள் பலகை காய்ந்த மணலில் நின்றது. ஓடை நாற்பது முழம் தள்ளிப் படுத்திருந்தது. அடுத்து, தொம்மை அண்ணாச்சி தன் தகப்பனார் நினைவாக 'மரியசவரி ஓடை' என்று இன்னும் பெரிய பலகை நட்டார். அன்றைக்குத்தான் ஓடை அதிக தூரம் போனது. மூன்றாவதாக, தாலுகா ஆபீசிலிருந்து 'ஓடை எண் 7' என்ற இரும்புப் பலகை வந்தது. அந்தப் பேருக்கு ஓடை எழுந்துகூடப் போகவில்லை. வழியில் கிடக்கிற கல்லைச் சுற்றிப் போவதுபோல் சுற்றிக்கொண்டு போனது. பலகைகளில் ஒன்று சலேத்தின் ஆட்டுப்பட்டிக்குக் கதவானது. ஒன்று பஸ் நிற்கும் இடத்தில் உட்காரும் பலகையானது. இரும்புப் பலகை துணை சுகாதார நிலையத்தின் கண்ணாடி இல்லாத ஜன்னலை அடைத்தது.

இதையெல்லாம் பிலோமி தன் வீட்டு வாசற்படியில் நின்று கேட்டாளே தவிர, கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. அவளுக்கு மூன்று மாதப் பெண்பிள்ளை. புருஷன் அருள்ராயன் மும்பையில் மளிகைக்கடையில் இருந்தான். கடற்கரை ஊரில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் தங்கிப் படித்தவள்; மணி அடித்தால் எழும்பவும் மணி அடித்தால் அழுகையை நிறுத்தவும் பழகியவள். பிள்ளை பிறந்த பிறகு எந்த மணிக்கும் அடங்காத ஒரு பயம் அவளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளை தூங்கினால் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தாள். தூங்காவிட்டால், ஏன் தூங்கவில்லை என்று பார்த்தாள். நர்ஸம்மாவின் தராசில் வாரா வாரம் எடை போட்டு, அட்டையில் எழுதிய எண்ணை வீட்டுக்கு வந்து மூன்று தடவை வாசித்தாள். பிறந்தபோது இரண்டு கிலோ எழுநூறு. இப்போது ஐந்து கிலோ இருநூறு.

லூக்காகுடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானம் கொடுக்கும் வரை பிள்ளையின் பேரை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். தாய்தான் பேரைத் தேர்ந்து வாய்க்குள் வைத்திருப்பாள். ஞானஸ்நானத் தொட்டியருகே சாமி கேட்கும்போதுதான் அது முதன்முதலாக வெளியே வரும். அதுவரை எல்லாப் பிள்ளையும் பாப்பாதான். நாற்பதாம் நாளில் முடிந்துபோகிற காரியம் அது. அருள்ராயனுக்கு லீவு கிடைக்காமல் தள்ளிக்கொண்டே போனதில், பிலோமி அந்தப் பேரை மூன்று மாதமாக, விழுங்கவும் துப்பவும் முடியாத மிட்டாயைப்போல் நாக்கின் அடியில் ஒதுக்கி வைத்திருந்தாள்.

ஓடை வந்த நாலாவது வாரம், பிள்ளைத் துணிகளை அலச அவளும் போனாள். பக்கத்தில் யாரும் இல்லை. பிள்ளையை முந்திரி நிழலில் கிடத்தியிருந்தாள். அது கண்ணை அகல விழித்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று நினைத்து, எத்தனை நாள்தான் வைத்திருப்பது என்றும் நினைத்து, குனிந்து அந்தப் பேரைச் சொன்னாள். ஒரே ஒரு தடவை.

எந்தப் பலகைக்கும் திரும்பாத ஓடை திரும்பியது. தூங்குகிற நாய் வீட்டுக்காரியின் குரலைக் கேட்டுத் தலையைத் தூக்குவதுபோல் தண்ணீரின் ஓரம் ஒரு விரல்கடை எழும்பி, மணலை நனைத்துக்கொண்டு வந்து அவள் காலடியில் படுத்தது. அவள் பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளையின் கண்கள் அவளிடம் இல்லை; முந்திரி இலைகளில் எங்கேயோ இருந்தன. துணிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் காலை ஓடை அவள் ஓடிய அதே வழியில் வந்து, அவள் வீட்டுப் புறவாசலில் கிடந்தது.

ஊரே குடத்தோடு வந்தது. மாமியார் வியாகுலத்தம்மாளுக்கு முதல் இரண்டு நாள் பெருமை தாங்கவில்லை. "எங்க வீட்டுப் புறவாசல்ல வந்து மொண்டுட்டுப் போறாவ" என்று, மொண்டுகொண்டு போகிறவர்களிடமே சொன்னாள். பிலோமி பிள்ளையைத் தராசில் போட்டாள். ஐந்து கிலோ நூறு. அடுத்த நாள் ஐந்து கிலோ. பால் குடிக்கிறது, காய்ச்சல் இல்லை, வயிறு போகவில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அங்கிருந்த இரண்டு நாளிலும் இருநூறு குறைந்தது. பேரைச் சொல்லிக் கூப்பிட அவளுக்குத் துணிவில்லை. பாப்பா என்று கூப்பிட்டால் பிள்ளை திரும்பவில்லை. தராசை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு மறுபடி நிறுத்துப் பார்த்த நர்ஸம்மா, பல்வலிக்குக் காரணம் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்: "இனி எங்க கொண்டுபோனாலும் ட்ரிப்புதான் ஏத்துவாவ. ஏத்துன தண்ணியும் அங்கதான் போவும்." அவள் கை ஓடையைக் காட்டியது. இரண்டு முழம் அகலமாக இருந்த ஓடை அந்த வாரம் நாலு முழமாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தொம்மை அண்ணாச்சி யாரையும் கலைந்து போக விடவில்லை.

"வெள்ளிக்கிழம சர்வேயர் வாராரு. ஓட எங்க கெடக்கோ அங்கவச்சுப் படம் போட்டு, பேரு எழுதிட்டுப் போயிருவாரு. அன்னைக்கு அது கீழவிளைக்காரன் எல்லையில போய்ப் படுத்துதுன்னா, நம்ம பிள்ளையளு மறுபடி லாரிக்குப் பின்னால ஓட வேண்டியதுதான்." அவர் பிலோமியைப் பார்த்தார். "தங்கச்சி, அது உன் பேச்சக் கேக்கு. லாரித் தண்ணி ஊத்துத கோயில் முத்தத்துத் தொட்டிக்குக் கூப்பிட்டு விட்டுரு. என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டயோ, அதையே படத்துல எழுதிப்புடலாம்."

பிலோமி எழுந்து நின்றாள். அது பிள்ளைக்கென்று வைத்திருந்த பேர், அதை ஓடை எடுத்துக்கொண்டது, பிள்ளை ஏழு நாளில் எழுநூறு கிராம் இறங்கிவிட்டது என்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள். யாரும் நம்பாமல் இல்லை. 

"பேருதான தங்கச்சி" என்றார் தொம்மை அண்ணாச்சி, மெதுவாக. "பிள்ளைக்கு வேற பேரு வைக்கலாம். காலண்டர்ல நாளுக்கு ஒரு புனிதரா முன்னூத்தி அறுவது அர்ச்சியசிஷ்டவிய இருக்காவ. ஓடைக்கு அந்த ஒரு பேருதான் பிடிச்சிருக்கு."

அவர் கெட்டவர் இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த யாருமே கெட்டவர்கள் இல்லை. சாமியைப் பார்த்தார்கள். திருச்சபைச் சட்டத்தில் ஓடையைப் பற்றி ஒன்றும் இல்லை என்று சாமி சொன்னார். பேர்தானே என்று பெண்களும் சொன்னார்கள். அவர்களில் பாதிப்பேர், மாதம் ஏறிய வயிற்றோடு லாரிக் குழாயை இழுத்தவர்கள். பிலோமிக்கு அவர்களை எதிர்த்து நிற்க அன்றைக்குத் தெம்பில்லை. வேறு பேர் வைத்தால் பிள்ளை தேறிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கோயில் தொட்டியருகே போய், இரண்டு கையாலும் வாயைப் பொத்தி, அதற்குள்ளே அந்தப் பேரைச் சொன்னாள். அடுத்த மணி அடிப்பதற்குள் ஓடை வந்துவிட்டது. தொட்டி நிறைந்து வழிந்து, கிழவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிறுபிள்ளைகள்போல் தண்ணீரை வாரி அடித்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து தொட்டிலைத் தூக்கினாள். காய்ந்த துணி கிடந்த தொட்டிலைத் தூக்கியது போலிருந்தது. தராசில் மூன்று கிலோ முந்நூறு.

வியாகுலத்தம்மாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ரீட்டா என்று கூப்பிட்டாள், ஜெனோவா என்று கூப்பிட்டாள், மெற்றில்டா என்று கூப்பிட்டாள், காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி ஜனவரியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். ஆகஸ்டில் நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"திரும்ப மாட்டேங்குதுட்டி."

"அது பேரு அது இல்லியே அத்த" என்றாள் பிலோமி.

நாளுக்கு நூற்றிருபது குறைந்தது. பிலோமி அட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். வெள்ளிக்கிழமை பிள்ளை இரண்டு கிலோ எழுநூறில் நிற்கும். பிறந்த எடை. வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. வாசல் வரைக்கும் போய்விட்டால் அப்புறம் போக ஓரிடம்தான் இருக்கிறது. இதைக் கண்டுகொண்ட பிறகு அவளால் அழவும் முடியவில்லை. மும்பைக்குப் போன் போட்டாள். "வாரேன்ட்டி, எப்படியும் வாரேன், ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துருதேன்" என்றான் அருள்ராயன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வருவது என்று அவள் அவனிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை சலேத் ஒரு செம்பில் ஆட்டுப்பால் கொண்டுவந்தாள். பிலோமிக்கு அடுத்த வீடு. ஒன்றுவிட்ட மதினி முறை. வாயை மூடத் தெரியாதவள்.

"என் நொண்டியாடு மறுபடி ஓடையில அதே மடக்குல விழுந்துட்டுட்டி. போன மாசமும் அங்கதான் விழுந்துது. காலு ஒடஞ்சாலும் புத்தி வரல. நொண்டி விழுந்த மடக்குல இனி மேய்க்கவே கூடாதுன்னு..."

"எந்த மடக்கு மதினி?"

"அதான், நொண்டி விழுந்த மடக்கு. ரெட்ட உடைக்குக் கீழ."

"போன மாசம் இருந்த இடத்துலயேவா இருக்கு?"

சலேத் செம்பைக் கீழே வைத்தாள். ஓடை முழுவதும் ராத்திரிக்கு ராத்திரி புரண்டு படுக்கிறது. அந்த ஒரு மடக்கு மட்டும், ஆடு முதலில் விழுந்து, சலேத் அதை ஏசி, ஏசின வாயோடு அதற்கு அந்தப் பேரைச் சொன்ன நாளிலிருந்து, ஒரு முழம்கூட அசையவில்லை. இரட்டை உடைமரத்தை அடையாளம் வைத்திருந்ததால் அதில் சந்தேகமும் இல்லை.

பிலோமி அதை மனசுக்குள் கோர்த்துப் பார்த்தாள். தேரியில் எந்த இடத்துக்கும் யாரும் பேர் வைத்ததில்லை. மணல் நகர்ந்தாலும் நடந்தது நகராது என்பதால், நடந்ததையே சொல்லித்தான் இடத்தைச் சொன்னார்கள். கழுதை செத்த பள்ளம். கல்யாணம் நின்ற மேடு. ரெண்டுபேர் பேசாமப் போன வழி. பலகையில் எழுதினவர்கள் எல்லாம் மரியாதைக்குப் பேர் வைத்தார்கள். பேருக்குப் பசித்துக் கிடந்த தண்ணீருக்கு மரியாதை எதற்கு? அதற்கு ஏதாவது நடந்து, நடந்ததே பேராக வேண்டியிருந்தது. யாரும் அதற்குச் சேதி சொல்லாததால், கிடைத்த ஒரே ஒரு உயிருள்ள பேரை எடுத்துக்கொண்டது. அதற்கென்றே பேர்கள் கிடைத்தால், எடுத்ததை விட்டுவிடலாம்.

"மதினி, ஓடையோட அடியில இருந்து உச்சி வரைக்கும் நாளைக்கு என்கூட நடப்பியளா?"

"பிள்ளையத் தூக்கிக்கிட்டா?"

"பிள்ளையத் தூக்கிக்கிட்டுத்தான்."

உள்ளே இருந்து வியாகுலத்தம்மாளின் குரல் வந்தது. "நீங்க போங்கட்டி. ஊர நான் பாத்துக்கிடுதேன்."

வியாழக்கிழமை விடிந்ததும், பிள்ளையைப் பருத்திச் சேலையால் இடுப்போடு கட்டிக்கொண்டு, பரீட்சை அட்டையில் நாலு தாளைச் செருகி நீலப்பேனாவோடு பிலோமி கிளம்பினாள். வியாகுலத்தம்மாள் கோயில் தொட்டியருகே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். கேட்டவர்களிடமெல்லாம், மருமகள் மாதாவுக்கு நேர்ச்சை நடக்கிறாள், குறுக்கே போனால் சாபம் என்று சொன்னாள்.

தண்ணீர் மணலுக்குள் போய் முடிகிற இடத்தில் ஆரம்பித்தார்கள். முதல் வளைவில் என்ன சொல்வதென்று தெரியாமல் பிலோமி நின்றாள். சலேத் தண்ணீரில் கால் வைத்து, ஒரு செருப்பை விட்டுவிட்டு, அது மணலுக்குள் இறங்குவதைப் பார்த்து, அதன் விலையையும் அதை விற்றவனின் வம்சத்தையும் சொல்லி ஏசினாள். பிலோமி குனிந்து தண்ணீரிடம், "செருப்பு முங்கின முடிவு" என்றாள். தண்ணீர் கரையோரம் ஒரு தரம் சிலிர்த்து அடங்கியது. அவள் தாளில் அந்த வளைவை வரைந்து பேரை எழுதினாள். ஆறு முடிகிற இடத்தைத் தடித்தும் பிறக்கிற இடத்தை மயிரிழையாகவும் வரைய வேண்டும் என்று பூகோள சிஸ்டர் அடித்துச் சொல்லிக் கொடுத்த கை அது.

இப்படியே ஏறினார்கள். வெயில் ஏறியது, மணல் சுட்டது, பொரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் நடந்ததையே சொன்னார்கள், நடந்ததைத் தவிர எதையும் சொல்லவில்லை. மூச்சு வாங்கின மேடு, பால் கட்டின மேடு, பாம்பு நம்மளப் பாக்காமப் போன நேர், சலேத் பாடினதும் காக்கா பறந்த திருப்பம், பயந்த பாறை, பயந்தது போதும்னு சொன்ன பாறை, பிள்ள மூத்திரம் பெய்ஞ்ச நெழல். ஒரு மடக்கில் சலேத் தன் முதல் பிள்ளை எட்டாம் நாளில் போனதை, இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாததை, தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள். "சலேத் சொன்ன மடக்கு" என்று பிலோமி எழுதினாள். என்ன சொன்னாள் என்று எழுதவில்லை.

நிழல் காலடிக்கு வந்த நேரத்தில் தொம்மை அண்ணாச்சி கீழேயிருந்து ஏறி வந்தார். "நிறுத்துங்க. தொட்டியில தண்ணி இறங்குது. நீங்க என்னமோ சொல்லச் சொல்ல அது பின்வாங்குது. விடிஞ்சா சர்வே..." என்று கையை நீட்டிக்கொண்டே வந்தவர், ஈரமணலில் கால் வழுக்கி, மடித்துக் கட்டின வேட்டியோடு மூன்று முழம் உட்கார்ந்தபடியே இறங்கினார்.

"தலைவர் சறுக்கின திருப்பம்" என்றாள் சலேத்.

"ஏ, அத எழுதாத."

"எழுதியாச்சு அண்ணாச்சி" என்றாள் பிலோமி. "பாருங்க. நிக்கி."

தண்ணீர் அவருடைய காலைச் சுற்றி ஒரு கொக்கிபோல் வளைந்து, அப்படியே அசையாமல் நின்றது. ஒரு மாதமாக எந்த ஓரமும் அப்படி நின்று அவர் பார்த்ததில்லை. எழுந்திருக்காமல், அந்த வளைவை உள்ளங்கையால் தடவினார். பிறகு பிலோமியின் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். அதன் கை அட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. நாலு நாளாக அந்தக் கை எதையும் பிடித்ததில்லை.

"கனம் ஏறுதா?"

"ஏறுது அண்ணாச்சி. ஒவ்வொரு பேருக்கும் ஒரு பிடி."

அவர் உள்ளங்கை மணலைத் தட்டினார். "இதுக்கு மேல உள்ள வளவுல," என்று மேலே கை காட்டினார், "எங்கப்பா பேரு எழுதுன பலகையப் பிடுங்கித் தோள்ல போட்டுக்கிட்டு வந்தேன். ஒருத்தரும் பாக்கல. கொஞ்சம் அழுதுட்டேன். வேணும்னா அதையும் எழுதிக்க."

அதையும் எழுதினாள். அவர் கூட வரவில்லை. வளைவில் உட்கார்ந்தபடி, அவர்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாயும்போது முப்பது பேர் எழுதியாகிவிட்டது. உச்சியில், மணலின் நடுவே, ஒரு கைப்பிடி அகலத்தில் தண்ணீர் கொதிக்காமல் கொதித்து மேலே வந்துகொண்டிருந்தது. அதுதான் ஊற்றுக்கண். சுற்றிலும் ஒரு காலடித்தடமும் இல்லை. அங்கே ஆடு விழவில்லை, யாரும் சறுக்கவில்லை, யாரும் எதையும் தொலைக்கவில்லை. உலகம் உண்டானதிலிருந்து அந்த இடத்தில் ஒன்றும் நடந்திருக்கவில்லை.

பிள்ளை நாலரைக் கிலோ இருக்கும் என்று இடுப்பு சொன்னது. கண்ணை விழித்திருந்தது. ஆனால் அவளைப் பார்க்கவில்லை. ஊற்றுக்கண்ணிலிருந்து வரும் தண்ணீரைப் பார்த்தது. அந்தப் பேர் அங்கேதான் இருக்கிறது, கடைசியாக அங்கே பதுங்கியிருக்கிறது என்று பிலோமிக்குத் தெரிந்தது.  

"என்னட்டி செய்யப் போற?" என்று சலேத் கேட்டாள். "இங்க ஒண்ணும் நடக்கலியே."

"நடக்கப் போறதச் சொல்லலாமா மதினி?"

"அப்படி யாரும் சொன்னதில்ல."

"சொன்னா, அது நடந்தாத்தான பேரு நிக்கும்?"

சலேத் அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, இரண்டு எட்டு தள்ளி அவளுக்கு இடம் விட்டாள்.

பிலோமி மண்டியிட்டாள். கெஞ்சக் கூடாது என்று ஏறும்போதே முடிவு செய்திருந்தாள். கடைக்காரனிடம் பேசுவதுபோல் பேசினாள். "உனக்கு முப்பது பேரு தந்தாச்சு. எல்லாம் நடந்த பேரு, எல்லாம் உன்னோடது, யாரும் திருப்பிக் கேக்க மாட்டாவ. இன்னும் ஒண்ணு இருக்கு. உன் தலைக்குன்னு வச்சிருக்கேன். தலைக்குப் பேரு இல்லாத ஓட எந்தப் படத்துலயும் நிக்காது, எனக்குப் படம் வரையத் தெரியும்." பிறகு நீலப்பேனாவால் தாளின் உச்சியில் எழுதி, எழுதினதைத் தண்ணீருக்கு வாசித்தாள்: "பிலோமி, பிள்ளை பேரைத் திரும்ப வாங்கிட்டுப் போன கண்."

தண்ணீர் கொதிப்பதை நிறுத்தியது. உச்சி முதல் அடிவரை, முப்பது வளைவுகளிலும், ஓடை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கீழே தன் திருப்பத்தில் உட்கார்ந்திருந்த தொம்மை அண்ணாச்சி, தன் காலருகே தண்ணீர் யோசித்ததாகப் பிற்பாடு ஊரில் சொன்னார். தலைக்கான அந்தப் புதுப் பேர் அதற்கு வேண்டியிருந்தது. அந்தப் பேர் நிற்க வேண்டுமானால் அது நடந்தாக வேண்டியிருந்தது.

பிலோமியின் இடுப்பில் பிள்ளை கனத்தது. ஒரேயடியாகக் கனத்ததில் அவள் பக்கவாட்டில் சாய்ந்து, கையை ஊன்றி மணலில் உட்கார்ந்தாள். சேலை முடிச்சு இறுகிற்று. பிள்ளை அவள் முகத்தைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, பத்து நாள் பசியையும் சேர்த்து வைத்து வீறிட்டது. ஊற்றுக்கண்ணிலிருந்து தண்ணீர் மறுபடி வரத் தொடங்கியது, முன்னைவிட மெல்லிசாக, மயிரிழையாக.

வெள்ளிக்கிழமை சர்வேயர் வந்தார். ஓடை கோயில் தொட்டியில் இல்லை. தேரியில், தன் இடத்தில், இரண்டு முழ அகலத்தில் கிடந்தது. கீழவிளைக்காரர்கள் ஏழு பேர் தங்கள் எல்லைக்குள் கொஞ்சமாவது வருமா என்று பார்க்க வந்திருந்தார்கள். சர்வேயர் பேரைக் கேட்டார். பிலோமி நாலு தாள்களையும் ஒட்டிக் கொடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அடியிலிருந்து வாசித்து, பாதியில் நிறுத்தினார்.

"ஏம்மா, ஃபார்ம்ல ஒரு கட்டம்தான் இருக்கு."

"ஓடையில முப்பத்தொண்ணு இருக்கே சார்" என்றார் தொம்மை அண்ணாச்சி. "பதிமூணாவது நான்தான். அத மட்டும் விட்டுட்டாலும் பரவால்ல."

விடவில்லை. தனித் தாள் இணைத்து முப்பத்தொன்றையும் எழுதிக்கொண்டார். எழுதி முடிக்க இரண்டு சோடா ஆனது. இனிமேல் தண்ணீருக்கு அரைக்கல் தூரம் நடக்க வேண்டும் என்று ஊர் பிலோமியை ஏசியது. ஏசிக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தது. நடந்து போகிறவர்கள் எந்த வளைவில் மொள்ளுவது என்று சண்டை போட்டார்கள். பால் கட்டின மேட்டுத் தண்ணீர்தான் பருப்பு வேக நல்லது என்று ஒரு கட்சியும், பயந்தது போதும்னு சொன்ன பாறைத் தண்ணீர் பிரசவத்துக்கு நல்லது என்று ஒரு கட்சியும் உண்டாயின.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அருள்ராயன் வந்து இறங்கினான். குளிக்கக்கூட நேரம் விடாமல் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். எண்பத்து மூன்று வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். வியாகுலத்தம்மாள் முன் பெஞ்சில், சலேத் அவளை அடுத்து, தொம்மை அண்ணாச்சி கதவோரம். ஞானஸ்நானத் தொட்டியில் இருந்தது ஓடைத் தண்ணீர்தான். வேறு தண்ணீர் ஊரில் இல்லை. அதைப் பார்த்ததும் பிலோமி ஓர் எட்டு பின்வாங்கினாள். வெளியே போய் லாரித் தண்ணீர் வாங்கி வரச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு பிள்ளையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு, தொட்டிக்குக் கிட்டப் போய் நின்றாள்.

"இந்தக் குழந்தைக்கு என்ன பெயர் கொடுக்கிறீர்கள்?" என்று சாமி கேட்டார்.

கோயிலில் இருந்த அத்தனை தலையும் கதவைப் பார்த்துத் திரும்பியது. தொம்மை அண்ணாச்சி தன்னை அறியாமல் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டார்.

"செசிலியா" என்றாள் பிலோமி.

வாயைப் பொத்தவில்லை. தேரி உச்சி வரைக்கும் கேட்கட்டும் என்று சொன்னாள். தொட்டியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கதவுக்கு வெளியே வெயில் கிடந்தது, மணல் கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக முகத்தை உள்ளே திருப்பினார்கள். கதவைப் பார்க்காத ஒரே ஆள் பிலோமிதான். அவள் கையிலிருந்த பிள்ளை, தன்னைக் கூப்பிட்டது யார் என்று கழுத்தைத் திருப்பி, அவள் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது.